சூரியனைக் காணோம்!

1985 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸ் நகரத்தின் மார்மொத்தான் மியூசியம். ஜனங்கள் சாவகாசமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், துப்பாக்கியோடு ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. இருந்தவர்களை மிரட்டிவிட்டு, ஒன்பது ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு கம்பி நீட்டியது.

அந்த ஒன்பதில் ஒன்று உலகப் பிரசித்தம். க்ளாட் மோனே வரைந்த சூரியோதயப் படம். 1872 என்று அவரே தேதி போட்டிருக்கிறார். லெ ஆவ்ர் துறைமுகத்தில் அதிகாலைப் பனிமூட்டம். வானம், தண்ணீர், கப்பல் எல்லாம் சாம்பல் கலந்த நீலம். நடுவே பொட்டு வைத்த மாதிரி ஆரஞ்சு கலரில் ஒரு குட்டிச் சூரியன். படத்தின் பெயர் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்'. 1874-ல் கண்காட்சியில் வைத்தபோது ஒரு விமரிசகர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நக்கலடித்தார். அந்த நக்கலே பிறகு 'இம்ப்ரெஷனிஸம்' என்று ஒரு ஓவிய பாணிக்கே பெயராகி நிலைத்துவிட்டது. (ஆபீஸில் பட்டப்பெயர் வைப்பவர்கள் கவனிக்க!)

திருடு போன படம் ஐந்து வருஷம் கழித்து, 1990-ல், கார்சிகா தீவில் கிடைத்தது. மறுபடியும் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. கதை சுபம்.

ஆனால் அந்தப் படத்திலிருந்து சூரியனை மட்டும் நீங்களே திருடலாம். துப்பாக்கி வேண்டாம். செல்போன் போதும். படத்தை போனில் இறக்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடிட்டரில் 'பிளாக் அண்ட் ஒயிட்' ஃபில்டரைத் தட்டுங்கள். அவ்வளவுதான். வானம் இருக்கும், படகு இருக்கும்... சூரியனைக் காணோம்! எங்கே இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மாயமில்லை, மந்திரமில்லை. அந்தச் சூரியனும் சுற்றியுள்ள மேகமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஹார்வர்டில் கண்ணையும் மூளையையும் ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். மீட்டர் வைத்து அளந்தால் சூரியனும் மேகமும் சமம். ஆனால் கலரில் பாருங்கள், சூரியன் தகதகவென்று எரிகிறது.

அந்தத் தகதக எங்கிருந்து வந்தது? கலரிலிருந்து. இந்தச் சமாசாரம் புரிந்தால் டி.வி. கடையில் கொஞ்சம் பணம் மிச்சமாகும். சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பும்போது உயிரும் மிச்சமாகலாம்.

டிகாக்‌ஷன் ஸ்ட்ராங்கா?

முதலில் ஒரு வார்த்தை. சாச்சுரேஷன். பயப்பட வேண்டாம், காபி சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் ஸ்ட்ராங் காபி. பாலை ஊற்ற ஊற்ற அது வெளிறிப் போகும். நிறமும் அப்படியே. கலப்படமில்லாத கெட்டிச் சிவப்பு என்றால் சாச்சுரேஷன் அதிகம். அதில் வெள்ளையோ சாம்பலோ கலக்கக் கலக்க வெளிறிய ரோஸ் ஆகி, கடைசியில் நிறமே இல்லாமல் போகும். 'ராமராஜன் சட்டை கலர்' என்று ஒரு தலைமுறையே சொன்னதே, அது சாச்சுரேஷனின் உச்சம்.

விஷயம் இதுதான். ஒரே அளவு வெளிச்சத்தை அனுப்பும் இரண்டு பரப்புகள். ஒன்று சாம்பல், இன்னொன்று கெட்டிச் சிவப்பு. "எது சார் பளிச்னு இருக்கு?" என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சிவப்பைத்தான் காட்டுவார்கள். நிறம் கெட்டிப்பட கெட்டிப்பட, அதே வெளிச்சம் கூடுதலாகத் தெரிகிறது.

இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கோல்ராஷ் விளைவு என்று வாயில் நுழையாத பெயர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜெர்மன்காரர். பிரஷ்ய ராணுவத்தில் டாக்டராக இருந்து, பிறகு விஞ்ஞானியானவர். கண் டாக்டர் உங்கள் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறாரே ஒரு கருவி, அதற்கு முன்னோடியை 1851-ல் செய்தவர் அவர்தான்.

கல்லாவும் குட்வில்லும்

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஒருத்தர் மளிகைக் கடையை விற்கிறார். சரக்கு, தராசு, ஷெல்ஃப், கல்லாப் பணம் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம்தான் தேறும். அவர் கேட்பதோ பதினைந்து. "மேல அஞ்சு லட்சம் எதுக்கு அண்ணாச்சி?" என்றால், "கடைக்குப் பேர் இருக்குல்ல தம்பி!" என்பார். அதுதான் குட்வில். கல்லாவைத் திறந்தால் இருக்காது. ஆனால் விலையில் இருக்கும்.

வெளிச்சத்திலும் அப்படித்தான். மீட்டர் அளப்பது கல்லா ரொக்கம். சாச்சுரேஷன் கொடுப்பது குட்வில். இரண்டையும் கூட்டித்தான் கண் 'பிரகாசம்' என்று சொல்கிறது.

எல்லா நிறத்துக்கும் குட்வில் ஒரே மாதிரி கிடையாது. நீலம், சிவப்பு, இரண்டும் கலந்த மெஜந்தா... இவர்களெல்லாம் பெரிய இடம். நல்ல கெட்டி நிறமாக இருந்தால் மீட்டர் காட்டுவதைப் போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்குகூடத் தெரியும். ஆளுக்கு ஆள் இது கணிசமாக மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சளுக்கு மட்டும் குட்வில் அநேகமாகக் கிடையாது. அது முழுக்க முழுக்க ரொக்கப் பார்ட்டி. (மஞ்சளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.)

டி.வி. திரை எப்படி வெள்ளையைக் காட்டுகிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்கு மீட்டர் கணக்கில் நூறு ரூபாய் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், அதில் பச்சையின் பங்கு சுமார் 72 ரூபாய், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதாவது திரை முழுக்க நீலம் காட்டினால், வெள்ளையில் பதினாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வருகிறது. நம்ப முடிகிறதா? கண் நம்பாது. ஏழு ரூபாயை வைத்துக்கொண்டு நீலம் போடுகிற மைனர் ஜம்பம் அப்படி!

ஆடிட்டர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

'கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தை அளக்காத மீட்டர் எதுக்கு? உடைச்சுப் போட வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். அவசரப்படாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வரவு செலவு எழுத உலகத்தில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். சி.ஐ.இ. என்ற சர்வதேச கமிஷன். 1913-ல் ஆரம்பித்தது. 1924-ல் அவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். எந்த நிற ஒளிக்கு மனிதக் கண் எவ்வளவு மார்க் கொடுக்கிறது என்ற பட்டியல். மஞ்சள் கலந்த பச்சைக்கு முதல் மார்க். நீல முனையும் சிவப்பு முனையும் கடைசி பெஞ்ச். உங்கள் வீட்டு பல்ப் டப்பாவில் போட்டிருக்கும் லூமென், டி.வி. விளம்பரத்தில் வரும் நிட்ஸ், எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இன்றைக்கும் அந்த 1924 பட்டியல்தான்.

மார்க் போடுவதற்கு அவர்களிடமிருந்த முக்கியமான வழிகளில் ஒன்று ஃப்ளிக்கர் முறை. ஒரே இடத்தில் இரண்டு நிற ஒளிகளை நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை மாற்றி மாற்றிக் காட்டுவது. மூளையில் நிறம் பார்க்கும் செக்‌ஷன் கொஞ்சம் நிதானம். 'ஃபைல் மேஜைக்கு வரட்டும், பார்க்கலாம்' என்கிற ரகம். அத்தனை வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு நிறமும் கலந்து ஒன்றாகிவிடும். வெளிச்ச செக்‌ஷன் மட்டும் சுறுசுறுப்பு. இரண்டில் எது அதிகம் என்றாலும் அதற்குப் படபடவென்று துடிப்பது தெரியும். துடிப்பு அடங்கும்வரை ஒன்றைக் கூட்டிக் குறைத்தால், இரண்டும் சமம் என்று எழுதிக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா? இந்த முறையிலேயே நிறம் கதவுக்கு வெளியே நிற்கிறது. குட்வில்லைக் கணக்கில் எடுப்பதே இல்லை!

வேண்டுமென்றுதான். கண்ணை நேரடியாக நம்பினால் கூட்டல் கணக்கு இடிக்கும். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. தனித்தனியாக இரண்டும் ஒரு வெள்ளை விளக்கு அளவுக்குப் பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சிவப்பையும் பச்சையையும் ஒன்றின் மேல் ஒன்று போடுங்கள். மஞ்சளாகிவிடும். பிரகாசம் இரண்டு வெள்ளை விளக்குக்குச் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது. குறைச்சலாகத் தெரியும். மஞ்சளானதும் இரண்டு பேருடைய குட்வில்லும் போச்சு! ஒன்றும் ஒன்றும் இரண்டு வராத பேரேட்டில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? அதனால் கூட்டினால் சரியாக வருகிற ரொக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தைக் கணக்கிடவும் வழி வேண்டுமே என்று, சி.ஐ.இ.யே 2011-ல் நிற அடர்த்தியையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு துணைக் கணக்கு முறையை வெளியிட்டது. ஆனால் டப்பாவில் அச்சடிப்பது இன்னும் பழைய கணக்குதான்.

ஷோரூம் கிளிகள்

இனி பர்ஸ் விஷயத்துக்கு வருவோம். போனஸ் கையில் வந்ததும் டி.வி. வாங்கப் போகிறீர்கள். ஷோரூம் சுவர் முழுக்க டி.வி. அத்தனையிலும் பஞ்சவர்ணக் கிளி, மிளகாய்ப் பழக் குவியல், வானத்தில் ராட்சச பலூன், ஏதோ ஒரு ஊர்த் தெருவில் கலர்ப் பொடித் திருவிழா. கிராம நிர்வாக அலுவலகத்தில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற காட்சியை எந்தக் கடையிலாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்ட மாட்டார்கள். அதில் குட்வில் இல்லை.

"பிரைட்னெஸ் பாருங்க சார், கண்ணைப் பறிக்குது!" என்பார் விற்பனைப் பையன். அவர் பொய் சொல்லவில்லை. பறிக்கத்தான் செய்கிறது. ஆனால் பறிப்பதில் வெளிச்சம் எவ்வளவு, சாச்சுரேஷன் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது. கடையில் டி.வி.யை 'விவிட்' என்ற மோடிலோ, கடைக்கென்றே இருக்கிற டெமோ மோடிலோ வைத்திருப்பார்கள். எல்லா நிறமும் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அதே டி.வி. வீட்டுக்கு வந்து சீரியல் ஓடும்போது, கதாநாயகி முகம் பழுத்த பங்கனப்பள்ளி மாதிரி இருக்கும். "ஏம்ப்பா, இவளுக்கு மஞ்சக் காமாலையா?" என்று அம்மா கேட்பார். ரிமோட்டை எடுத்து 'ஸ்டாண்டர்ட்' மோடுக்கு மாற்றுவீர்கள். முகம் சரியாகிவிடும். கூடவே கடையில் பார்த்த அந்தப் பளபளப்பும் இறங்கிவிடும். இ.எம்.ஐ. மட்டும் இறங்காது!

செய்ய வேண்டியது சுலபம். கடையிலேயே "தம்பி, ஸ்டாண்டர்ட் மோடு போடுங்க" என்று கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் பேசுகிற ஒரு நியூஸ் சேனல், இருட்டுக் காட்சி உள்ள ஒரு சினிமா, இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பளிச்சென்று இருந்தால் ரொக்கம் கெட்டி. நிட்ஸ் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். குட்வில் என்பது மோசடி அல்ல. நிறத்தைக் கெட்டியாகக் காட்டத் தெரிந்த நல்ல திரை, குறைந்த வெளிச்சத்திலேயே பளிச்சென்று தெரியும். அதை ரொக்கம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. ப்ரொஜெக்டர் மார்க்கெட்டில் இது நடக்கிறது. எல்.இ.டி. ப்ரொஜெக்டர்களின் நிறம் கெட்டியாக இருப்பதால் மீட்டர் காட்டுவதைவிடப் பளிச்சென்று தெரியும். அதைச் சாக்கிட்டு மீட்டர் கணக்கை இஷ்டத்துக்குப் பெருக்கி 'எல்.இ.டி. லூமென்ஸ்' என்று பெரிய நம்பரை டப்பாவில் போடுகிறவர்கள் உண்டு. 'ஆன்சி லூமென்ஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். அது 1992-ல் வந்த, மீட்டர் வைத்து அளக்கிற முறை. கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால், நீங்கள் கடையை மாற்றுங்கள்.

வெள்ளைக்கு மட்டும் அலவன்ஸ்

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமில் நடந்திருக்கலாம். எக்ஸெல் ஷீட் காட்டும்போது திரை வெளேர் என்று இருக்கும். அடுத்து வருகிற கலர் படம் மட்டும் துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி மங்கல். மானேஜர் "லைட்டை ஆஃப் பண்ணுங்கப்பா" என்பார். நாலு பேர் தூங்க சௌகரியமாகிவிடும்.

சில டி.எல்.பி. ப்ரொஜெக்டர்களில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வைத்த ஒரு சக்கரம் சுழலும். அதில் நிறமே இல்லாத ஒரு துண்டும் சேர்த்திருப்பார்கள். அந்த வழியாகக் கூடுதல் வெளிச்சம் வெள்ளைக்குப் போகிறது. டப்பாவில் பெரிய லூமென் போட்டுக்கொள்ளலாம். கெட்டி நிறங்களுக்கு அதில் பங்கு கிடையாது. வெள்ளைக்கு மட்டும் ஸ்பெஷல் அலவன்ஸ், கலருக்கெல்லாம் பேசிக் பே. யூனியன் இல்லாததால் நிறங்கள் சும்மா இருக்கின்றன! ஆகவே ப்ரொஜெக்டர் வாங்கும்போது வெள்ளை லூமெனோடு கலர் லூமெனும் கேட்டுப் பாருங்கள்.

பங்காளி உறவு ஒன்று நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. வெள்ளை வேட்டி பழுப்பேறினால் என்ன செய்கிறோம்? சொட்டு நீலம். நீலம் போட்டால் துணி திருப்பி அனுப்பும் வெளிச்சம் கூடுகிறதா? குறைகிறது! நீலச் சாயம் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. மீட்டர் நஷ்டம் எழுதுகிறது. ஆனால் பழுப்பு மறைந்து லேசான நீலம் தட்டியதும், கண் "ஆஹா, என்ன வெளுப்பு!" என்கிறது. விஞ்ஞானம் பெயர் வைக்கும்வரை பாட்டிகள் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் ஆறரை மணி

இதுவரை பர்ஸ். இனி உயிர்.

குட்வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வியாபாரம் நடக்கும்வரைதான் மதிப்பு. ஷட்டரை இறக்கிவிட்டால் பைசா பெறாது. நிறத்தின் ஷட்டர் இறங்குவது சாயங்காலத்தில்.

செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இதை 1825-லேயே எழுதி வைத்தார். பகலில் இலைகளைவிடப் பளிச்சென்று தெரிந்த சிவப்புப் பூக்கள், மங்கிய வெளிச்சத்தில் கறுத்துப் போகின்றன. பச்சை இலைகள் அவற்றைவிட வெளிச்சமாகத் தெரிகின்றன. காரணம், கண்ணுக்குள் இரண்டு ஷிஃப்ட். பகல் ஷிஃப்டில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள். வெளிச்சம் குறையக் குறைய ராத்திரி ஷிஃப்டுக்குக் கோல் செல்கள் வருகின்றன. அவர்களுக்கு நிறமே தெரியாது. அதிலும் சிவப்பு ஒளி அநேகமாகக் கண்ணிலேயே படாது.

இப்போது யோசியுங்கள். மத்தியானம் ஆபீஸ் வாசலில் "மாப்ளே, அரை மைல் தூரத்துல வந்தாலும் தெரியுதுடா உன் சட்டை!" என்று பாராட்டு வாங்கிய கெட்டிச் சிவப்புச் சட்டை. அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு குட்வில். ஆறரை மணிக்கு, தெருவிளக்கு எரியாத சர்வீஸ் ரோட்டில், அதே சட்டையோடு பைக்கில் போகிறீர்கள். குட்வில் காலி. கல்லாவில் முதலிலிருந்தே பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னால் வருகிற லாரி டிரைவரின் கண்ணுக்கு நீங்கள் ஒரு கறுப்பு நிழல். பகலில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்த உங்களுக்கு அது தெரியவே வழியில்லை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

"அப்புறம் ஏன் சார் டெயில் லைட் சிவப்பு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. டெயில் லைட் சொந்தமாக எரிகிறது. கூம்பு செல்களைத் தட்டி எழுப்புகிற அளவுக்கு அதற்கு ரொக்கம் உண்டு. அதனால் குட்வில்லும் கூடவே வரும். சட்டை அப்படியில்லை. மற்றவர் கொடுக்கிற வெளிச்சத்தில் பிழைப்பு நடத்துவது.

இங்கேதான் மஞ்சள். 1939-ல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில், ஃப்ராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு மாநாடு கூட்டினார். ஸ்கூல் பஸ் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய. என்ன கலர் அடிப்பது? பல நிற அட்டைகளை வைத்துப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு சாயல் கலந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிந்தும் விடியாத மங்கலில் பஸ்ஸும், அதன் மேல் எழுதிய கறுப்பு எழுத்தும் தெரிய வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர் ஸ்கூல் பஸ்ஸும் இன்று மஞ்சள்தான். மஞ்சள் ஜம்பம் அடிக்காது. வந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கையில் காசு, வாயில் தோசை! அதனால் அந்தி மங்கலிலும் அதற்கு மதிப்பு இறங்குவது குறைவு.

அப்படியானால் பளபளக்கிற ஃப்ளோரசன்ட் ஜாக்கெட்? பகலிலும் அந்தியிலும் பிரமாதம். வானத்து வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கி, தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தரும். முழு இருட்டில் அந்த வரும்படி நின்றுவிடும். அப்போது கை கொடுப்பது ரிஃப்ளெக்டர் பட்டை மட்டும்தான். ஹெட்லைட் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அந்தத் திசைக்கே, அதாவது டிரைவரின் கண்ணுக்கே, திருப்பி அனுப்பிவிடும்.

ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு, ஆபீஸ் பையில் ஒரு துண்டு, பைக் பெட்டியில் ஒரு துண்டு. மொத்தமும் சாயங்கால பஜ்ஜி, டீ செலவுக்குள் முடிந்துவிடும். சட்டை என்ன கலர் வேண்டுமானாலும் போடுங்கள். சிவப்பு உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று எதிர் சீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் கெடுப்பானேன்! முதுகில் மட்டும் ஒரு பட்டை ரொக்கம் இருக்கட்டும்.